ஐயாதுரை பாதியில் நிறுத்திய தலை

ஐயாதுரை தன் தகரப் பெட்டியோடு ஆஸ்பத்திரிப் படி ஏறினால், வராந்தாவில் காத்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எந்தக் கட்டிலுக்குப் போகிறார் என்று கண்ணாலேயே பின்தொடர்வார்கள். தங்கள் ஆள் படுத்திருக்கும் கட்டிலை அவர் தாண்டிவிட்டால்தான் மூச்சு வரும். பெட்டிக்குள் இருந்தது ஒரு சவரக்கத்தி, இரண்டு கத்தரி, படிகாரக் கட்டி, நசுங்கிய அலுமினியக் கிண்ணம். அவ்வளவுதான். ஆனால் சுற்றுப்பட்டிக்காரர்களுக்கு அந்த மாதிரிப் பெட்டியை இரண்டு இடத்தில் பார்த்துத்தான் பழக்கம். ஒன்று கல்யாண வீடு, இன்னொன்று எழவு வீடு. ஆஸ்பத்திரியில் யாருக்கும் கல்யாணம் நடப்பதில்லை.

அவருக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். அவருடைய அப்பா அந்த ஊருக்கே சவரம் செய்தவர். ஐயாதுரை எழுபத்தெட்டில் ராஜபாளையத்துக்கு வந்து, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு சலூன் வைத்தார். எண்பதுகளில் அந்த ஆஸ்பத்திரிக்குத் தலையில் அடிபட்டு வருகிறவர்கள் அதிகம். மில் ஷிப்டுக்கு சைக்கிளில் போனவன், தென்னையிலிருந்து விழுந்தவன், லாரி தட்டியவன். தையல் போடுவதற்குமுன் முடியை எடுக்க வேண்டும். ரத்தமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து பிசினாய் ஒட்டிய முடியை, காயத்தைத் தொடாமல் எடுக்க ஐயாதுரையால் முடிந்தது. அதனால் தலைக்காயம் என்றால் உடனே எதிரே ஆள் போகும்.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். சுந்தரபாண்டியத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் படித்து பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, அதற்குமேல் எக்ஸ்ரே படிப்பும் படித்தவன். எங்கள் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. தொண்ணூற்று நாலில் ராஜபாளையத்தில் அந்த ஆஸ்பத்திரியை ஒட்டி ஸ்கேன் சென்டர் ஒன்று திறந்தபோது அங்கே டெக்னீசியனாகச் சேர்ந்தேன். அதுவரை தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க மதுரைக்குத்தான் போக வேண்டும். எண்பத்தைந்து கிலோமீட்டர். திருமங்கலம் தாண்டுவதற்குள் உயிர் போய்த் திரும்பிய கார்கள் எத்தனையோ.

ஐயாதுரை எங்களிடம் வந்து சேர்ந்த விதம் தனி. அடிபட்டவனை மெஷினின் வளையத்துக்குள் தலை மட்டும் போகிறமாதிரிப் படுக்கவைப்போம். ஒரு படத்துக்கு ஐந்தாறு நொடி. பிறகு கட்டில் அரை விரல் நகரும், அடுத்த படம். இப்படிப் பதினான்கு படம். அசைந்தால் படம் கலங்கிவிடும். எது ரத்தம், எது மூளை என்று தெரியாது. ஆனால் தலையில் அடிபட்டவன் சும்மா கிடப்பானா? எழுந்திருப்பான், வைவான், கடிப்பான். தூக்க ஊசி போடவும் பயம். போட்டபின் அவன் மருந்தால் தூங்குகிறானா, உள்ளே ரத்தம் கசிந்து தூங்குகிறானா என்று யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்களைப் பிடிக்கச் சொன்னால் அவர்கள் கைதான் அதிகம் நடுங்கியது.

ஒருநாள் சாராயம் குடித்து விழுந்த ஒருவனை நாலு பேர் சேர்ந்தும் அடக்க முடியவில்லை. முடி எடுக்க வந்த ஐயாதுரை அவன் தலைமாட்டில் நின்று, இரண்டு கன்னத்திலும் உள்ளங்கையை வைத்து, நிதானமாகச் சொன்னார்.

"அசையாதீக அண்ணாச்சி. கத்தி பட்டுரும்."

அவன் அப்படியே அடங்கினான். நாங்கள் பதினான்கு படமும் எடுத்து முடித்தோம். சவரக்காரன் கை பட்டால் அசையக்கூடாது என்பது மனுசனுக்குப் புத்தி தெரிவதற்கு முன்பே தலைக்குத் தெரிந்துவிடுகிறது போல. எங்கள் டாக்டர் கிருபாபாய் அன்றே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். காலையில் சலூன், கூப்பிட்ட நேரத்தில் சென்டர். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிற ஈயக் கோட்டைப் போட்டுக்கொண்டு தலை பிடிப்பது அவர் வேலை.

ஒரு தடவை படத்தின் ஓரத்தில் அவருடைய சுண்டுவிரல் எலும்பு வெள்ளையாக விழுந்துவிட்டது. காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது எங் கையா தம்பி?"

"ஒங்க கைதான்."

"சதையில்லாம பாத்தா எல்லாக் கையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் போல" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மனைவி முத்தாத்தாள், அவர் வீட்டுக்கு வருமுன் வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைக்கத் தொடங்கினாள். எழவு வீட்டுக்குப் போய்வந்தவரைப் போல அவர் அங்கேயே தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

அவர் மனதில் ஒரு ஆள் இருந்தான். சோலைராஜ் என்ற மில் பிட்டர். எண்பத்தைந்தில் நடந்தது. மெஷின் பெல்ட் அறுந்து பொட்டில் அடித்திருக்கிறது. விழுந்தவன் எழுந்து, தானே நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். டீயும் வடையும் வாங்கித் தின்றான். மூன்று தையல் போடுவதற்காக ஐயாதுரை முடியை எடுக்கும்போது காதுக்கு மேலே விரல் அமுங்கியது. ஊறவைத்த உளுந்து மூட்டைமேல் விரல் வைத்ததுபோல் இருந்தது என்பார். டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. சவரக்காரன் சொல்லி டாக்டர் கேட்பாரா என்று பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மத்தியானம் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்கள். அதே தலை. இந்தத் தடவை கடைசிச் சவரம்.

"காலையில நல்லாப் பேசுனவரு தம்பி. செத்த நேரம் நல்லாப் பேசுவாக. அந்தப் பேச்சுதான் பயம்" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்.

தொண்ணூற்றாறு ஆனி மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. நான் எதிரே சலூன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உக்கிரபாண்டி உள்ளே வந்தார். மகாராஜபுரத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐயாதுரையின் அப்பா சவரம் செய்த வீடுகளில் அவர் வீடும் ஒன்று. பின்னால் அவர் மகன் பால்ச்சாமி, தலையில் துண்டோடு. இருபத்திரண்டு வயது. இங்கே மில்லில் வேலை பார்த்தவன். பட்டாளத்துக்கு ஆளெடுத்தபோது மூன்று தடவை மார்பளவு பத்தவில்லை என்று திரும்பி வந்து, நாலாவது தடவை தேறியவன்.

"ஏலே ஐயாதுரை, நல்லாருக்கியால?"

"வாங்க ஐயா. தம்பிக்கு எப்பப் பொறப்பாடு?"

"இன்னைக்குத்தான். பத்தரை பஸ்ஸுல மதுரைக்கு. அங்கருந்து ரயிலு. நாளக்கழிச்சுக் காலம்பற கேட்டுல நிக்கணும். ஒட்ட வெட்டி வுடு. பட்டாளத்துக் கிராப்பு."

பால்ச்சாமி துண்டை எடுத்தான். இடது காதுக்கு மேலே முடி ரத்தத்தில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

"என்ன தம்பி இது?"

"ஒண்ணுமில்லண்ணே. கூட வேல பாத்தவங்ககிட்ட சொல்லிட்டு வரும்போது சத்திரப்பட்டி ரோட்டுல வண்டி வழுக்கிருச்சு. பாலத்துச் செவுரு லேசா முத்தங் குடுத்துச்சு." சிரித்தான். "எனக்குக் கெடச்ச மொத முத்தம்ணே அது."

"போதும்லே பேச்சு" என்றார் உக்கிரபாண்டி. பிறகு ஐயாதுரையிடம் குரலைத் தாழ்த்தினார். "சின்னக் காயந்தான். சுத்திச் செரச்சு, ரத்தக்கறை தெரியாம ஆக்கிரு. அங்கன எவனாச்சும் கேட்டா, ஊர்ல செரைக்கையில கத்தி பட்டுருச்சுன்னு சொல்லிக்கிடுவான்."

"எங் கத்தியா ஐயா?"

"ஒங் கத்திதான். ஏன், கத்தின்னா படாதா?"

"முப்பது வருசமா யாருக்கும் பட்டதில்ல ஐயா."

"இன்னிக்குப் பட்டுருச்சுன்னு வச்சுக்கோ. ஒம் பேரையா சொல்லப் போறான்?"

ஐயாதுரை துணியைப் போர்த்தி, தண்ணீர் தொட்டு, இடப்பக்கத்திலிருந்து கத்தரியை ஓட்டினார். முடி கற்றை கற்றையாக விழுந்தது. காதுக்கு மேலே வந்ததும் கத்தரிச் சத்தம் நின்றது. மூன்று விரலை அந்த இடத்தில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

"தம்பி, விழுந்ததும் மயக்கம் வந்துச்சா?"

பால்ச்சாமி கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தான். "இல்லண்ணே."

"நெசமாச் சொல்லுங்க."

"அவன எதுக்குப்பா நோண்டுத? வேலயப் பாரு" என்றார் உக்கிரபாண்டி.

பால்ச்சாமியே சொன்னான். "செத்த நேரம் ஒண்ணும் தெரியலண்ணே. கண்ணத் தொறந்தா டீக்கடைக்காரரு மூஞ்சில தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்தாரு."

"அத ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அடிப்பீகன்னுதான்."

ஐயாதுரை கத்தரியை வைத்தார். "ஐயா, எதுத்தாப்புலதான் சென்டரு. ஒரு படம் எடுத்துருவோம். கால் மணி நேரந்தான். எடுத்துப் பாத்துட்டு நிம்மதியாப் போங்க."

"படமா?" உக்கிரபாண்டி எழுந்தார். "படம் எடுத்தா காயிதம் வரும். காயிதத்துல தலைக்காயம்னு ஒரு வார்த்தை இருந்தாப் போதும்லே, கேட்டோட திருப்பி அனுப்பிருவான். பதினெட்டு வருசம் உள்ள இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

நான் எழுந்து, "பெயரே எழுதாமல் எடுத்துப் பார்க்கலாம்" என்றேன். அப்படி ஒரு வழி இல்லை என்று தெரிந்தும் சொன்னேன்.

அவர் என்னைக் கால்முதல் தலைவரை பார்த்தார். "நீரு யாரு? அங்க வேல பாக்குதீரா? வண்டியில விழுந்த கேசப் போலீசுக்கு எழுதாம ஒங்க டாக்டரம்மா விட்டுருவாகளா?"

படித்த படிப்பெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

"எந்திரிச்சு நிக்கான், பேசுதான், சிரிக்கான். இன்னும் என்னலே வேணும் ஒனக்கு?" என்றார் ஐயாதுரையிடம்.

ஐயாதுரை சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். சவரக்கத்தியை எடுத்துத் தோல்பட்டையில் தீட்டினார். உக்கிரபாண்டி மறுபடி உட்கார்ந்தார். நெற்றி நடுவிலிருந்து பிடரிவரை ஒரு கோடு போட்டதுபோல, இடப்பக்கம் முழுவதையும் தோல் தெரிய மழித்தார். காயத்தில் கத்தி படவில்லை. மழித்த தோலுக்குக் கீழே அந்த வீக்கம் இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளங்கை அகலம்.

பிறகு கத்தியைத் துடைத்தார். மடக்கினார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்ன, டீ குடிக்கப் போறியா?"

"இல்ல ஐயா. மீதிய ஸ்கேன் ரூம்ல வச்சு எடுக்கேன்."

வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன்பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அரைத்தலையோட நிறுத்த எம் மவன் என்ன களவாணிப் பயலால?" உக்கிரபாண்டி கைவீசி அறைந்தார். ஐயாதுரை கண்ணாடி மேடைமேல் சாய்ந்தார். கிண்ணம் உருண்டு தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. எங்கள் பக்கத்தில் ஒருவனை அவமானப்படுத்த அரைத்தலையை மழித்து ஊர் சுற்றவிட்ட கதைகள் உண்டு. அதற்காக வெட்டுக்குத்து நடந்த கதையும் உண்டு. அவர் கையில் அரிவாள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

"கொன்னாலுஞ் சரிதான் ஐயா" என்றார் ஐயாதுரை. உதட்டில் ரத்தம். "கத்தியத் தொடமாட்டேன்."

"ஊர்ல நீ ஒருத்தந்தான் சவரக்காரனாலே?" என்று உக்கிரபாண்டி பஜாரை நோக்கி வேகமாக நடந்தார்.

ஐயாதுரை அதை எதிர்பார்த்துத்தான் செய்தார் என்று பிற்பாடு புரிந்தது. ஒருவர் கை வைத்துத் தொடங்கிய தலையை இன்னொருவர் தொடுவதில்லை. அது அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம். பஜாரில் சலூன் வைத்திருந்த சமுத்திரம் என்னிடம் சொன்னார்: "வந்தாரு, மீதி பாதியை எடுக்கணும்னாரு. யாரு தொடங்குனதுன்னு கேட்டேன். ஐயாதுரைன்னாரு. அப்ப அவந்தான் முடிக்கணும் அண்ணாச்சின்னேன். ரெட்டைக் கூலி தாரேம்னாரு. கூலிக்காகவா தம்பி?" அடுத்த சலூனிலும் அதே பதில்தான்.

சலூனில் பால்ச்சாமி கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இந்தப் பக்கம் திருப்பதி, அந்தப் பக்கம் ராசபாளையம்."

"தம்பி, ரயிலு எத்தன மணிக்கு?" என்று கேட்டார் ஐயாதுரை.

"ஆறே காலுக்கு."

"மில்லுல ஒங்க டோக்கன் நம்பரு?"

"நூத்தி நாப்பத்தேழு."

விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பேர், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாவது பெஞ்சு. பால்ச்சாமி முதலில் சட்சட்டென்று சொன்னான். பிறகு யோசித்துச் சொன்னான். பிறகு, "தலை வலிக்குண்ணே. தூக்கமா வருது" என்றான்.

"தூங்காதீக. ரயிலு எத்தன மணிக்கு?"

"நூத்தி நாப்பத்தேழு" என்றான் பால்ச்சாமி.

ஐயாதுரை அவன் தாடையைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். நானும் குனிந்து பார்த்தேன். இடது கண்ணின் கருமணி வலதைவிடப் பெரிதாக இருந்தது.

"தம்பி, ஓடிப்போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க" என்றார்.

நான் ரோட்டைக் கடந்து ஓடிச் சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரோடு திரும்பியபோது உக்கிரபாண்டி வந்துவிட்டிருந்தார். "துண்டக் கெட்டுலே. மதுரையில சலூனா இல்ல? எந்திரி" என்று மகனின் கையைப் பிடித்து இழுத்தார். பால்ச்சாமி எழுந்தான். ஒரு அடி வைத்தான். வலது கால் மடிந்தது. அப்பாவின் வெள்ளை வேட்டிமேல் வாந்தி எடுத்தபடி அவர் மேலேயே சரிந்தான்.

"எலே... எலே பால்ச்சாமி..." அவர் கன்னத்தைத் தட்டினார். கண் திறக்கவில்லை. குறட்டைமாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஒரு ஆள் அவ்வளவு சீக்கிரம் வயசாகி நான் பார்த்ததில்லை.

"கழுத்த ஆட்டாதீக ஐயா. நான் தலையப் பிடிச்சுக்கிடுதேன், நீங்க காலப் பிடிங்க" என்றார் ஐயாதுரை. அடித்த கையாலேயே உக்கிரபாண்டி மகனின் காலைப் பிடித்தார்.

மெஷினுக்குள் போனதும் பால்ச்சாமி இடது கையை வீசினான், முனகினான். ஐயாதுரை கோட்டைப் போட்டுக்கொண்டு தலைமாட்டில் நின்றார். "அசையாதீக தம்பி. கத்தி பட்டுரும்." தலை நின்றது.

நான் பொத்தானை அழுத்தினேன். முதல் நாலு படத்தில் ஒன்றுமில்லை. ஐந்தாவது படம் திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாய் வந்தது. இடது மண்டையோட்டின் உள்பக்கம் ஒட்டி, மொச்சைக்கொட்டை வடிவத்தில் வெள்ளை. ஆறில் அது பெரிதானது. ஏழில் அதைவிடப் பெரிது; மூளையின் நடுக்கோடே வலப்பக்கம் வளைந்திருந்தது. எனக்குப் பின்னால் டாக்டர் கிருபாபாய் நின்று, "போதும், நிறுத்து. இனி எடுக்கிற ஒவ்வொரு படமும் அவனுக்கு நஷ்டம்" என்றார். மூளை வீக்கம் வடிய மருந்து ஏற்றினார். மதுரைக்குப் போன் செய்தார். மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுக்கிற டாக்டர் அங்கேதான்.

உக்கிரபாண்டி கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தார். நான் படத்தைக் காட்டினேன். "இந்த வெள்ளைதான் ரத்தம்."

"ரத்தம் எப்படிய்யா வெள்ளையா இருக்கும்?" என்று கேட்டார்.

காரில் பின்சீட்டில் பால்ச்சாமியைப் படுக்கவைத்து, தலைமாட்டில் ஐயாதுரை ஒண்டி உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முன்சீட்டில் உக்கிரபாண்டியோடு நான், ஈரம் காயாத படங்களைக் காற்றில் பிடித்தபடி. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது, "மூச்சு வருதால?" என்று முன்பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"வருது ஐயா."

கிருஷ்ணன்கோவிலில் கேட்டார். அழகாபுரியில் கேட்டார். கல்லுப்பட்டியில் எங்களுக்கு முன்னால் போன மதுரை பஸ்ஸை டிரைவர் முந்தினார். அவர்கள் ஏற வேண்டியிருந்த பத்தரை பஸ்தான் அது. ஜன்னலோரங்களில் ஆட்கள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். உக்கிரபாண்டி அந்த ஜன்னல்களையே பார்த்தார்.

"அதுல போயிருந்தா, தூங்குதான்னு விட்டுருப்பேன்" என்றார். அதற்குப்பின் மூச்சு வருகிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயந்தார் என்று நினைக்கிறேன். கப்பலூர் தாண்டியதும் அந்தக் குறட்டைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் காருக்குள் எல்லோரும் மூச்சை நிறுத்தினோம்.

மதுரையில் வாசலிலேயே தள்ளுவண்டி நின்றது. அறுவை டாக்டர் படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "யார் சிரைச்சது?" என்று மட்டும் கேட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். இரண்டு மணி நேரம். வெளியே வந்தவர், உயிர் இருக்கிறது, மற்றது முழித்தால்தான் தெரியும் என்றார்.

பால்ச்சாமி மூன்றாம் நாள் கண் திறந்தான். முதலில் கேட்டது, "அப்பா, ரயிலுக்கு நேரமாச்சா?"

"இன்னும் நேரமிருக்குலே. தூங்கு" என்றார் உக்கிரபாண்டி.

அரைமணி நேரம் கழித்து அதையே கேட்டான். அவரும் அதையே சொன்னார். காலையில் சொன்னது மத்தியானம் அவனுக்கு நினைவில் நிற்கவில்லை. வலது கையில் பிடிமானம் குறைவு. ஆனால் ரயில் மட்டும் மறக்கவில்லை. நாளுக்கு இருபது தடவை கேட்டான். அவர் இருபது தடவையும் நேரமிருக்கிறது என்றார். பட்டாளத்திலிருந்து வந்த கடிதம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. சேர வேண்டிய தேதி தாண்டியிருந்தது.

எட்டாம் நாள் ஐயாதுரையும் நானும் பார்க்கப் போனோம். ஒருபக்கம் தையலும் மறுபக்கம் அடர்ந்த முடியுமாக அவன் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு நர்ஸம்மாதான் மீதியை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். வார்டில் பெட்டியைப் பார்த்த பெண்கள் வழக்கம்போல் வாயைப் பொத்தினார்கள்.

பால்ச்சாமிக்கு ஐயாதுரையை அடையாளம் தெரிந்தது. "அண்ணே, ரயிலுக்கு நேரமாச்சா?"

உக்கிரபாண்டி வாயைத் திறந்தார். அதற்குள் ஐயாதுரை கட்டில் பக்கத்தில் குனிந்துவிட்டார்.

"ரயிலு போயிருச்சு தம்பி. போயி எட்டு நாளாச்சு. நாந்தான் ஒங்கள விடல."

"ஏலே..." என்றார் உக்கிரபாண்டி.

பால்ச்சாமி அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல? ஒவ்வொன்றாக அவனுக்குள் வந்து சேர்ந்தது. மழித்த பக்கத்தைத் தடவப் போன கை தையலில் பட்டு நின்றது.

"எதுக்குண்ணே?"

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டிருந்துச்சு."

"நான் நல்லாத்தான இருந்தேன்?"

ஐயாதுரை பெட்டியைத் திறந்தார். "மீதிய எடுத்துரட்டுமா தம்பி?" என்றார்.

"வேண்டாம். ஒங்க கையி வேண்டாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதன்பின் அவன் யாரிடமும் ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. உக்கிரபாண்டி வாசல்வரை எங்களோடு வந்தார். ஏதோ சொல்ல வந்து, ஐயாதுரையின் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸ்டாப்வரை தூக்கி வந்தார். பஸ் வந்ததும் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. பால்ச்சாமி மறுபடி மில்லில்தான் வேலை பார்க்கிறான், மெஷினில் இல்லை, கேட்டில். வலிப்பு வராமலிருக்க மாத்திரை தின்கிறான். சலூனைத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போக வேண்டும். ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. முடி வெட்ட மாதம் ஒருமுறை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறான். பட்டாளத்தில் சேர்ந்திருக்க வேண்டியவனை அரைத்தலை சிரைத்துக் கெடுத்தவன் என்று மகாராஜபுரத்தில் இன்றும் ஐயாதுரையைத்தான் பேசுகிறார்கள். தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தார்.

போன வாரம் நான் பெஞ்சில் இருந்தபோது பால்ச்சாமி எதிர்ப்பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நின்றான். முடி காதை மூடி வளர்ந்திருந்தது. எனக்கு ஆத்திரம்.

"ஒரு வார்த்த பேசுனா என்னவாம் அவனுக்கு? பதினோரு கிலோமீட்டர் போயி முடி வெட்டுதான், பாருங்க."

ஐயாதுரை வாசலுக்கு வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவன் தலையின் இடது பக்கத்தையே பார்த்தார். பஸ் வந்து அவன் ஏறும்வரை பார்த்தார்.

"போகட்டும் தம்பி" என்றார். "வெட்டுததுக்கு முடி வளருதுல்லா."